கடைக் கணினிக்குத் திறந்த மூலச் செயலிகள்: வணிகர்க்கு ஒரு பாடம்



பேரேடும் சிட்டையும் இன்று கணினிக்குள் குடிபுகுந்துவிட்டன. மளிகைக் கடையாயினும், துணிக் கடையாயினும், பணமாற்றுக் கடையாயினும், சாப்பாட்டுக் கடையாயினும், கல்லாவின் பக்கத்தில் ஒரு கணினி இல்லாத இடம் அரிது. பற்று வரவு எழுதுவது அதில்; விலைச் சீட்டு அச்சிடுவது அதில்; வாடிக்கையாளர் கண்ணுக்கு எதிரே தொங்கும் திரையில் படம் ஓடுவதும் அதனால்தான். ஆயினும் அக்கணினியில் வேலை செய்யும் செயலிகள் யாருடையவை, அவற்றின்மீது நமக்குள்ள உரிமை யாது, நாளை அவை நின்றுபோனால் நம் கணக்கின் கதி என்ன என்று ஆராய்ந்து பார்த்தவர் நம்மில் சிலரே. அரிசி மூட்டையைப் பிரித்து ஒரு பிடி அள்ளிப் பாராமல் கொள்முதல் செய்யமாட்டோம். செயலியை மட்டும் பாராமல் ஏற்றுக்கொள்வது எங்ஙனம் பொருந்தும்?

இவ்வினாவை இப்பொழுது எழுப்புவதற்குக் காரணம் உண்டு. உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகளில் ஓடிய விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு, 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. வீட்டு உபயோகத்துக்கென அளிக்கப்பட்ட நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரை என்றே வரையறுக்கப்பட்டது. அதற்கடுத்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் ஓரளவு புதிய பிராசசரையும் கேட்கிறது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய பிராசசர்களிற் பெரும்பாலானவை அதன் பட்டியலில் இல்லை. ஆகவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கடைக் கணினி, யாதொரு பழுதும் இல்லாமலே ஒதுக்கப்பட வேண்டிய சாமானாகிவிடுகிறது. திருத்தம் வராத கணினியில் கணக்கு வைப்பது, தாழ்ப்பாள் தேய்ந்த கதவை நம்பிக் கல்லாவை விட்டு வருவதற்கு ஒப்பாகும். புதுக் கணினி வாங்குவது ஒரு வழி. வேறொரு வழியும் உண்டு. அதுவே இப்பாடத்தின் பொருள்.

திறந்த மூலம் என்பது யாது?

எந்தச் செயலியும் மனிதர் எழுதிய கட்டளைகளின் தொகுப்பேயாகும். அந்த எழுத்துக்கு மூல நிரல் என்று பெயர். பல கம்பெனிகள் மூல நிரலைப் பூட்டி வைத்துக்கொண்டு, செயலியை ஓட்டும் அனுமதியை மட்டும் நமக்கு விற்கின்றன. இது வாடகைக் கடையைப் போன்றது. ஆணி அடிக்க வேண்டுமானாலும் உரிமையாளரைக் கேட்க வேண்டும். அவர் வாடகையை ஏற்றினால் கொடுக்க வேண்டும். காலி செய் என்றால் காலி செய்ய வேண்டும். மூல நிரலை எல்லோரும் பார்க்கவும் திருத்தவும் அனுமதித்து வெளியிடப்படும் செயலியே திறந்த மூலச் செயலி. அது கைக்கு வந்த பின் பலகையைத் தட்டுவதும், கதவை இடம் மாற்றி வைப்பதும் நம் விருப்பம்.

இக்கொள்கைக்கு வித்திட்டவர் அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர். 1980ஆம் ஆண்டை ஒட்டி அங்கு வந்த புதிய அச்சு இயந்திரத்தில் காகிதம் அடிக்கடி சிக்கிக்கொண்டது. முந்திய இயந்திரத்திற்கு அவர் ஒரு திருத்தம் எழுதியிருந்தார். காகிதம் சிக்கினால் காத்திருப்போருக்கு அது செய்தி அனுப்பும். புதிய இயந்திரத்துக்கும் அவ்வாறே எழுத எண்ணி மூல நிரலைக் கேட்டபொழுது, கொடுக்க இயலாது என்று மறுத்துவிட்டார்கள். தம் கையால் தீர்க்கக்கூடிய ஒரு சிறு குறையைத் தீர்க்க விடாமல் பூட்டு தடுத்தது. 1983 செப்டம்பரில் அவர் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார்; 1989இல் ஜிபிஎல் என்னும் உரிம ஆவணத்தின் முதற் பதிப்பு வெளிவந்தது. செயலியை எக்காரியத்துக்கும் உபயோகிக்கலாம். அதன் உள்ளே ஆராயலாம். பிறர்க்குப் படி எடுத்துக் கொடுக்கலாம். திருத்தி, திருத்தியதையும் வெளியிடலாம். இந்நான்கு உரிமைகளே அக்கொள்கையின் சாரம்.

இங்கு ஓர் ஐயம் எழக்கூடும். “காசு வாங்காமல் கொடுப்பது தரமாக இருக்குமா? கொடுப்பவர் எப்படிப் பிழைப்பார்?” என்று வணிகர் கேட்பது நியாயமே. இவற்றைச் செய்வோரிற் பலர் சம்பளம் பெறும் வல்லுநர்கள். பெரிய கம்பெனிகள் தம் சொந்தத் தேவைக்காக அவர்களை அமர்த்தியுள்ளன. சில அமைப்புகள் நன்கொடையால் நடக்கின்றன. வேறு சில, செயலியை இலவசமாக அளித்துவிட்டுப் பராமரிப்பு வேலைக்குக் கட்டணம் பெறுகின்றன. ஆகவே இது தர்மச் சோறு அன்று. பல பேர் கூடி வெட்டிய கிணறு. வெட்டியவரும் குடிக்கிறார், நாமும் குடிக்கலாம்.

மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். விலை கொடுக்க வேண்டிய செயலியைத் திருட்டுப் படியாகப் போட்டுக்கொள்ளும் வழக்கம் கடைத்தெருவில் நெடுநாளாக உண்டு. நம் சரக்கை ஒருவன் விலை கொடாமல் எடுத்துச் சென்றால் பொறுப்போமா? ஹலாலான முதலில் கடை நடத்த விரும்பும் நமக்கு இது சிறு விஷயமன்று. அன்றியும், திருட்டுப் படியைத் திறக்கும் சாவி என்று கிடைப்பவற்றோடு நச்சு நிரல்களும் சேர்ந்து வருவதுண்டு. நேர்மையாகக் கிடைக்கும் நல்ல செயலி இருக்கையில் இந்த அபாயத்தைத் தேடிப் போக வேண்டுவதில்லை.

படமும் பாட்டும்: விஎல்சி

முதலில் எளிதானதை எடுத்துக்கொள்வோம். ஆரஞ்சு நிறச் சாலைக் கூம்பைச் சின்னமாகக் கொண்ட விஎல்சி என்னும் செயலியைப் பலர் பார்த்திருப்பர். இது பாரீஸ் நகரின் எக்கோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள் 1996இல் தொடங்கிய வேலை. விடுதியின் வலையமைப்பு மெதுவாக இருந்தது. புதியது போடுவதற்குக் காரணம் காட்ட, செயற்கைக்கோள் தொலைக்காட்சியை அறைதோறும் வலைவழியே அனுப்பும் திட்டத்தை மேற்கொண்டார்கள். 2001 பிப்ரவரி 1ஆம் நாள் கல்லூரியின் சம்மதத்தோடு ஜிபிஎல் உரிமத்தில் அது உலகுக்கு வெளியிடப்பட்டது. 2025 ஜனவரியில் அது 600 கோடி தடவைக்கு மேல் இறக்கப்பட்டிருப்பதாக அறிவித்தார்கள். அதில் விளம்பரம் இல்லை. ஏறக்குறைய எல்லாவகைப் படக் கோப்புகளையும் வேறு துணைச் செயலி வேண்டாமல் ஓட்டுகிறது.

நம் கடைத் திரைக்கு இதனைத் திருத்திக்கொள்ளும் முறை வருமாறு:

1. காட்ட வேண்டிய படங்களையும் விலை அட்டைகளையும் ‘பிளேலிஸ்ட்’ பகுதியில் வரிசையாக இழுத்துப் போடுக. ‘மீடியா’ பட்டியலில் ‘சேவ் பிளேலிஸ்ட் டு ஃபைல்’ என்பதை அழுத்தி ஒரு பெயரில் சேமிக்க. நாளைக்கு அப்பெயரைத் திறந்தாலே வரிசை முழுதும் ஓடும்.

2. கீழேயுள்ள சுழல் அம்புக் குறியை அழுத்தினால் வரிசை முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். எஃப் விசையை அழுத்தினால் படம் திரை முழுதும் விரியும்.

3. ஒவ்வொரு படம் தொடங்கும்போதும் கோப்பின் பெயர் திரையில் தோன்றும். வாடிக்கையாளர்க்கு அது வேண்டாத காட்சி. ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘பிரிஃபரென்சஸ்’ சென்று, ‘சப்டைட்டில்ஸ்’ பகுதியில், படத் தலைப்பைக் காட்டும் குறியை நீக்கிவிடுக.

4. நிழற்படமாக உள்ள விலை அட்டை 10 விநாடி நிற்கும். அதிகம் வேண்டுமாயின் அதே ‘பிரிஃபரென்சஸ்’ பக்கத்தின் அடியில் ‘ஆல்’ என்பதைத் தேர்ந்து, ‘டீமக்ஸர்ஸ்’ பிரிவின்கீழ் ‘இமேஜ்’ என்னுமிடத்தில் விநாடியை மாற்றலாம்.

5. ‘டூல்ஸ்’ பட்டியலின் ‘கஸ்டமைஸ் இன்டர்ஃபேஸ்’ வழியாக வேண்டாத பொத்தான்களை எடுத்துவிடலாம். ஓட்டு, நிறுத்து, ஒலி ஆகிய மூன்றை மட்டும் வைத்தால் புதிதாக வந்த சிப்பந்தியும் தடுமாறமாட்டார்.

எதையேனும் மாற்றி நிலைமை சிக்கலாகிவிட்டால் அஞ்ச வேண்டாம். ‘ரீசெட் பிரிஃபரென்சஸ்’ என்னும் பொத்தான் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும்.

ஒன்று நினைவிருக்கட்டும். செயலி திறந்த மூலமாக இருப்பதால் பாட்டும் படமும் பொதுச் சொத்தாகிவிடா. கடையில் பொதுமக்கள் கேட்கும்படி பிறருடைய பாட்டை ஒலிக்கச் செய்வதற்குத் தனி அனுமதி வேண்டும். அதற்கென மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உரிம அமைப்புகள் உள்ளன. நம் சரக்கை நாமே படம் பிடித்துக் காட்டுவதற்கு எவரையும் கேட்க வேண்டுவதில்லை.

கணக்கும் கடிதமும்: லிப்ரே ஆஃபீஸ்

அடுத்தது வணிகர்க்கு உயிர்நிலையானது. மலேசியாவில் வருமான வரிச் சட்டப்படி வணிகக் கணக்குகளை 7 ஆண்டுகளும், சிங்கப்பூரில் 5 ஆண்டுகளும் பாதுகாத்து வைத்தல் வேண்டும். காகிதப் பேரேட்டைத் திறக்க எவர் அனுமதியும் தேவையில்லை. கணினிக் கணக்கோ, அதனை எழுதிய செயலி இருந்தால்தான் திறக்கும். ஆண்டுச் சந்தா கட்டவில்லை, கம்பெனி மூடிவிட்டது, பழைய கோப்பைப் புதிய பதிப்பு ஏற்கவில்லை என்று ஏதேனும் நேர்ந்தால் 7ஆம் ஆண்டில் வரி அதிகாரிக்கு எதைக் காட்டுவோம்? கணக்கு நம்முடையது, அதன் சாவியும் நம்மிடமே இருக்க வேண்டும்.

இங்குதான் லிப்ரே ஆஃபீஸ் உதவுகிறது. இதன் வரலாறே நாம் கூற வந்ததற்குச் சான்றாகும். ஜெர்மனியின் ஸ்டார் டிவிஷன் கம்பெனி செய்த ஓர் அலுவலகத் தொகுப்பை 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கி, 2000இல் ஓப்பன் ஆஃபீஸ் என்று மூல நிரலைத் திறந்துவிட்டது. 2010இல் சன் கம்பெனியை ஆரக்கிள் வாங்கியது. இனி இதன் கதி என்னவோ என்று கவலைப்பட்ட பங்களிப்பாளர்கள், 2010 செப்டம்பர் 28ஆம் நாள் அம்மூல நிரலை எடுத்துக்கொண்டு லிப்ரே ஆஃபீஸ் என்ற பெயரில் தனிக் குடித்தனம் தொடங்கினர். பூட்டிய செயலியாக இருந்திருப்பின் புது உரிமையாளரின் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. திறந்த மூலமாக இருந்தமையால் உரிமை கைமாறியும் உபயோகிப்போர் தெருவில் நிற்கவில்லை.

இதன் கோப்பு வகை ஓடிஎஃப் எனப்படும். 2006இல் அது சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் அங்கீகாரம் பெற்றது. எவரும் அதனைப் படிக்கும் செயலி எழுதலாம் என்பதால் கணக்கு ஒரு கம்பெனியின் கைக்குள் அகப்படாது.

திருத்திக்கொள்ளும் வழிகள் சில: ‘கால்க்’ என்னும் கணக்குத் தாளில் இன்வாய்ஸ் படிவம் ஒன்றைக் கடைப் பெயர், வரி எண், கூட்டல் சூத்திரம் ஆகியவற்றோடு அமைத்து, ‘டெம்பிளேட்’ ஆகச் சேமித்தால், ஒவ்வொரு நாளும் வெற்றுப் படிவம் தயாராகக் கிடைக்கும். ‘டூல்ஸ்’ பட்டியலின் ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியில் மொழிப் பிரிவுக்குச் சென்று, ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்னுமிடத்தில் தமிழைத் தேர்ந்தால், தமிழ் எழுத்துக்குத் தனி எழுத்துருவும் அளவும் வைத்துக்கொள்ளலாம். அதே ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘லோடு, சேவ்’ என்னுமிடத்தில், எப்பொழுதும் ஒரு காப்புப் படி வைக்கும் குறியை இடுக. கணக்காயர் எக்செல் கோப்பு கேட்டால் அவ்வகையிலும் சேமித்து அனுப்பலாம். ஆயினும் எக்செல்லில் மேக்ரோ என்னும் தானியங்கிக் கட்டளைகள் எழுதப்பட்ட கோப்புகள் இங்கு அப்படியே ஓடும் என்று எதிர்பார்த்தல் கூடாது. அவற்றை முன்னதாகவே சோதித்துப் பார்த்தல் வேண்டும்.

கணினியின் முகப்பு: லினக்ஸ் மின்ட்

மேற்கூறிய இரண்டும் விண்டோஸிலேயே ஓடக்கூடியவை. அவற்றில் கை பழகிய பின்னரே இயங்குதளத்தை மாற்றுவது பற்றி எண்ணுதல் நலம். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உள்ளேயும் இருக்கின்றது. கடைக் கணினிக்கு ஏற்றவாறு அதனைத் தொகுத்துத் தருவோர் பலர். 2006இல் தொடங்கிய லினக்ஸ் மின்ட் அவற்றுள் பழகுவதற்கு எளிது. அதன் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு பழைய கணினிக்கு ஏற்றது. குறைந்த அளவு 2 ஜிபி நினைவகமும் 20 ஜிபி இடமும் போதும் என்பர். 4 ஜிபி இருப்பின் வசதி. 2024இல் வந்த மின்ட் 22க்கு 2029 வரை திருத்தங்கள் வரும் என அறிவித்துள்ளனர்.

இதில் ஒரு நன்மை, வாங்குமுன் ருசி பார்க்கலாம். மின்ட் கோப்பை யூஎஸ்பி குச்சி ஒன்றில் எழுதி (குச்சியில் முன்பிருந்தவை அழிந்துபோகும்), கணினியை அதிலிருந்து தொடங்கினால், உள்ளேயிருக்கும் விண்டோஸைத் தொடாமலே மின்ட் ஓடும். அப்பொழுதே வலைத்தொடர்பு, ஒலி, அச்சு இயந்திரம், பார்கோடு கருவி, ரசீது இயந்திரம், கல்லாப் பெட்டி ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்க. பிடிக்கவில்லையெனில் குச்சியை உருவிவிட்டால் பழையபடியே ஆகிவிடும். நிறுவ முடிவு செய்தால் எல்லாக் கோப்புகளையும் முதலில் வேறொரு வட்டில் படி எடுத்து, அப்படி திறக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்; ஏனெனில் ‘இரேஸ் டிஸ்க்’ என்பதைத் தேர்ந்தால் உள்ளிருப்பவை யாவும் போய்விடும்.

எமது கடையில் மின்ட்டின் முகப்பை அமைத்திருக்கும் விதத்தைச் சொல்கிறோம். திரையின் அடியிலுள்ள பட்டையை வலச்சொடுக்கி உயரத்தை ஏற்றி, கணக்கு, இன்வாய்ஸ், விஎல்சி ஆகிய மூன்றின் சின்னங்களை மட்டும் பெரிதாக வைத்துள்ளோம். சிப்பந்திகளுக்குத் தனிக் கணக்குப் பெயர். முதலாளியின் கோப்புகள் அதில் தெரியா. ‘செஷன் அண்ட் ஸ்டார்ட்அப்’ என்னுமிடத்தில் விஎல்சியையும் பட்டியலின் பெயரையும் எழுதிவைத்ததால், காலையில் கணினியைத் திறந்ததும் கடைத் திரையில் படம் தானே ஓடுகிறது. ‘பவர் மேனேஜர்’ பகுதியில் திரை அணைவதை நிறுத்தியுள்ளோம். இவை யாவும் ஒரு பிற்பகலில் முடியக்கூடிய வேலைகள்.

தமிழில் எழுத விரும்புவோர், ஐபஸ் என்னும் உள்ளீட்டு அமைப்பையும் எம்17என் தொகுப்பையும் நிறுவினால், தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவான இம்முறையில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்யெழுத்துகள் வலக்கையிலும் அமைந்திருப்பதால் விரைவில் பழகிவிடும்.

கவனிக்க வேண்டியவை

திறந்திருப்பதனாலேயே அபாயமே இல்லை என்று எண்ணலாகாது. எக்ஸ்இசட் என்னும் சிறு திறந்த மூலக் கருவியில், நீண்டகாலம் நண்பனைப்போல் உதவி வந்த ஒருவன் இரகசியக் கதவொன்றை வைத்துவிட்டான். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராயின்ட் என்னும் பொறியாளர், தம் கணினியில் நுழைவதற்கு ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாவதைக் கண்டு ஐயுற்று, உள்ளே தேடி அதனைக் கண்டுபிடித்தார். தராசு முள் சற்றே விலகுவதைக் கண்டு எடைக்கல்லைப் புரட்டிப் பார்க்கும் வணிகனின் கண் அது. நிரல் திறந்திருந்தமையால் அவரால் தேட முடிந்தது. நாம் செய்ய வேண்டியது, வரும் திருத்தங்களை ஒத்திப்போடாமல் உடனுக்குடன் போட்டுக்கொள்வதாம்.

செயலிகளை அவற்றின் சொந்த வலைத்தளத்திலிருந்தே இறக்குக. பெயரையும் சின்னத்தையும் போலவே வைத்துக்கொண்டு நச்சு நிரல் கொடுக்கும் போலித் தளங்கள் உண்டு.

உங்கள் கணக்காயர் உபயோகிக்கும் வரிச் செயலியோ, கல்லாவுக்கென வாங்கிய தனிச் செயலியோ விண்டோஸில் மட்டுமே ஓடுவதாயின், ஒரு கணினியை அதற்கென விட்டு வைத்து, மற்றதை மாற்றுவதே விவேகம். எல்லாவற்றையும் ஒரே நாளில் புரட்டுவது வணிகர்க்கு அழகன்று. பெருநாள் விற்பனை நேரத்திலும், கணக்கு முடிக்கும் மாதத்திலும் இவ்வேலையைத் தொடவே வேண்டாம்.

பயிற்சி

முதல் வாரம் விஎல்சியை நிறுவி, ஐந்து விலை அட்டைகளைக் கொண்டு பட்டியல் ஒன்று செய்து கடைத் திரையில் ஓட விடுக. இரண்டாம் வாரம் லிப்ரே ஆஃபீஸில் உங்கள் இன்வாய்ஸ் படிவத்தை அமைக்க. மூன்றாம் வாரம் மூன்று ஆண்டுகளுக்கு முந்திய கணக்குக் கோப்பு ஒன்றைத் தேடி எடுத்து, அது திறக்கிறதா, தொகை சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க. திறக்காவிடில் இன்றே அறிந்தது நன்று. நான்காம் வாரம் யூஎஸ்பி குச்சியிலிருந்து மின்ட்டை ஓட்டி, உங்கள் இயந்திரங்களைச் சோதிக்க. வீட்டில் படிக்கும் பிள்ளைகளைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டால் வேலை பாதியாகும். கடையின் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதையும் அவர்கள் அறிந்துகொள்வர்.

இதனால் மிச்சமாகும் வெள்ளியும் சிறிதன்று. அதனினும் பெரிது, நம் கணக்கு நம் வசம் இருப்பதாகும். படித்ததோடு நில்லாமல் செய்து பார்த்து, கண்ட பலனையும் தொல்லையையும் அண்டைக் கடைக்காரரோடு பகிர்ந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.